மெம்பர் கதிரேசபிள்ளையின் பேணி

பலெர்மோவில் என் கடைக்குச் செத்தல் மிளகாய் வாங்க வருகிறவர்கள் மிளகாயை எடுத்து முகர்ந்து பார்ப்பார்கள். காம்பை ஒடித்துப் பார்ப்பார்கள். போன கிழமை வந்தது இதைவிடத் திறம் என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆளை விசாரிக்க வருகிறவர்கள் எதையும் முகர மாட்டார்கள். "ஒரு கிலோ போடும்" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

கோபாலசிங்கம் அண்ணை அன்றைக்கு மிளகாயை முகரவில்லை.

"விக்கி, பிரான்காச்சோவிலை இராசேஸ்வரி எண்டொரு மனிசி. உம்மடை கடைக்கு வாறவவோ?"

"வாறவா."

"அவவின்ரை மோன் விதுரன்?"

"அவனும் வாறவன். கால்சாவிலை ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியிலை நிக்கிறான். இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ இருக்கு. குடி இல்லை. நல்ல பெடியன்."

"அது இருக்கட்டும்." கொண்டைக்கடலையைக் கிளறிக்கொண்டு நின்ற ஒரு சிசிலியக் கிழவியைத் தவிரக் கடைக்குள் யாரும் இல்லை. அந்த மனிசிக்குத் தமிழ் விளங்காது. இருந்தும் அண்ணை குரலைத் தணித்தார். "அவை ஆர் ஆக்கள்?"

சாதி என்ற சொல்லை வாயில் எடுப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. அதனால் அந்தச் சொல்லைத் தொடாமலே அதைக் கேட்கவும் சொல்லவும் பழகி வைத்திருக்கிறோம். 'ஆர் ஆக்கள்' என்றால் அதுதான் கேள்வி. பலெர்மோவில் இந்தக் கேள்விக்குத் தனிச் சிரமம் ஒன்று உண்டு. இங்கே எங்கள் சனம் எல்லாம் செய்கிற வேலை ஒன்றுதான்: ஒரு இத்தாலியச் சின்யோறாவின் வீட்டுத் தரையைத் துடைப்பது, அல்லது அந்தச் சின்யோறாவின் தாயைக் குளிப்பாட்டுவது. தரை துடைக்கிற தடியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்து ஆர் ஆக்கள் என்று சொல்ல எந்தச் சாத்திரியாலும் முடியாது. ஊரைக் கேட்க வேண்டும். ஊருக்குள் குறிச்சியைக் கேட்க வேண்டும். எந்தக் கோயில், எந்த வீதி என்று ஒவ்வொன்றாக, மீன் வாங்குகிறவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும்.

அண்ணைக்கு ஒரே மகள், சாம்பவி. கட்டினால் விதுரனைத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அண்ணை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றிருக்கிறார். விசாரணை என் கடையில் தொடங்கியது.

அவருடைய மற்றக் கையில் ஒரு கடதாசிச் சுருள். அதை விரித்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். 'சமத்துவத் தந்தை மெம்பர் கதிரேசபிள்ளை நூற்றாண்டு விழா. ஒரேத்தோ, பாதிரியார் மண்டபம். ஞாயிறு பிற்பகல். அனைவரும் வருக!' மெம்பர் என்பவர் அண்ணையின் அப்பப்பா.

"அனைவரும் எண்டு போட்டிருக்கிறியள் அண்ணை."

"ஓம், அனைவரும்தான்." கொஞ்சம் யோசித்தார். "வரட்டும். வந்தாத்தானே ஆர் ஆரெண்டு தெரியும்."

மெம்பரின் வாழ்க்கை எனக்கு மனப்பாடம். கடைக்கு வரும்போதெல்லாம் அண்ணை அதில் ஒரு துண்டு வெட்டித் தருவார். வெள்ளைக்காரன் காலத்தில் மதராசுக்குச் சட்டம் படிக்கப் போனவர். போகும்போது கோட்டும் தொப்பியும், திரும்பி வரும்போது கதர். மதராஸ் மைதானங்களில் கேட்ட பேச்சையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு சொந்த ஊரான நெல்லியவளைக்கு வந்து இறங்கினால், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் வாங்குப் பலகையில் இருக்கிறார்கள், சில பிள்ளைகள் நிலத்தில் இருக்கிறார்கள். மெம்பர் வாங்குகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு இழுத்துப் போட்டாராம். "இருந்தா எல்லாரும் வாங்கு, இல்லாட்டி எல்லாரும் நிலம்." பிறகு சட்டசபைக்குப் போனார். கவர்னர் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, இங்கிலீசில் மணிக்கணக்காகப் பேசி அந்த வாங்குக்கு உத்தரவு எடுத்து வந்தார். ஊர்ப் பொதுக்கிணற்றை எல்லாருக்கும் திறந்துவிட்டார். அடுத்த தேர்தலில் கட்டுக்காசையும் இழந்தார். அவர் கட்டின பள்ளிக்கூடக் கொட்டிலுக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். திரும்பக் கட்டினார். திரும்பவும் வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போது அண்ணைக்குக் கண் கலங்கும். நடிப்பு இல்லை, மெய்யாகவே கலங்கும். ஒரு கண் கலங்கிக்கொண்டிருக்கும்போதே மற்றக் கண் மீனின் செவுளைப் பார்க்கும் என்பது சந்தையில் நிற்கிறவர்களுக்குப் புதினமில்லை.

அடுத்த நாள் இராசேஸ்வரி அக்கா வந்தா. அவவும் மிளகாயை முகரவில்லை.

"தம்பி, உந்தக் கோபாலசிங்கம் எண்டவை ஆர் ஆக்கள்?"

சுவரைக் காட்டினேன். "மெம்பரின்ரை பேரன் அக்கா."

"அதுதான் எனக்கும் ஐமிச்சமாக் கிடக்கு."

"ஏன்?"

"சாதியில்லை, சாதியில்லை எண்டு இந்தளவு சத்தம் போடுறதெண்டா ஏதோ இருக்கு. வயித்துக்குத்து இல்லாதவன் ஓமத்தண்ணி தேடுவானோ? அந்த மெம்பர் வோட்டிலை வந்த மெம்பரோ, இல்லாட்டி வெள்ளைக்காரன் பிடிச்சு இருத்தின மெம்பரோ? அந்த ஆக்களிலையும் ஒராள் இருக்கட்டும் எண்டு கவர்னர் தூக்கி வைக்கிறவராம்."

"பேரிலை பிள்ளை எண்டு கிடக்கே."

"பிறக்கேக்கையே இருந்த பிள்ளையோ, பிறகு ஒட்டின பிள்ளையோ, ஆர் கண்டது?"

இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: விசாரிக்கிறேன். உண்மையில் இரண்டு பக்கத்தைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. சரக்கு இல்லை என்று எந்தக் கடைக்காரன் சொல்லுவான்?

சனிக்கிழமை, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். அண்ணை, அவர் மனைவி அம்பிகை அக்கா, நடுவுக்கு நான். பஸ்ஸில் பிரான்காச்சோ. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அண்ணை ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்கினார். வாங்குகிற சாக்கில் கதவுகளில் ஒட்டியிருந்த பெயர்களையும் வாசித்துக்கொண்டு வந்தார்.

வீடு துப்புரவாக இருந்தது. முருகன் படம், அதற்குக் கீழே தொலைக்காட்சி, அதன்மேல் பின்னல் துணி. விதுரன் வெள்ளைச் சட்டை போட்டு, இருக்கச் சொல்லியும் இருக்காமல், சுவரோடு நின்றான். இரண்டு பக்கத்தாரும் ஆளையாள் அளந்து பார்த்தார்கள். அண்ணை முதல் விலையைப் போட்டார்.

"அப்ப, ஊர் எவடம்?"

"வடமராட்சிப் பக்கம்."

"வடமராட்சியிலை?"

"பருத்தித்துறை ரோட்டாலை போகேக்குள்ளை."

"போகேக்குள்ளை இடக்கைப் பக்கமோ, வலக்கைப் பக்கமோ?"

"அது போறதைப் பொறுத்தது," என்றா அக்கா. "நெல்லியவளையிலை நீங்கள் எவடம்?"

"பிள்ளையார் கோயிலடி."

"முன்வீதியோ, பின்வீதியோ?"

"கோயில் நாலு பக்கமும் கோயில்தானே."

எங்கள் பல்லரோ சந்தையில் ஒரு மீனுக்கு இரண்டு பேர் பேரம் பேசி, விலையைக் கடைசிவரை சொல்லாமல், மீன் நாறத் தொடங்கினதைக் கண்டிருக்கிறேன். விதுரன் கால் மாற்றி நின்றான். அம்பிகை அக்கா அவனைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தா. அந்த வீட்டில் அன்றைக்கு நடந்த ஒரே மனிதக் காரியம் அதுதான்.

பிறகு குடிக்க வந்தது.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தங்களைவிடக் குறைந்தது என்று நினைக்கிற வீட்டுக்குப் போக நேர்ந்தால், அந்த வீட்டுக் குவளையில் வாய் வைக்காமல் தப்புவதற்கு உடைக்காத சோடா கேட்பார்கள். மூடி திறக்காத போத்தலுக்குத் தீட்டில்லை. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் ஒரு சோடாக் கொம்பனிக்காரனாகத்தான் இருந்திருப்பான்.

இராசேஸ்வரி அக்கா கொண்டுவந்த தட்டில் மூன்று கோலாத் தகரங்கள். திறக்காத தகரங்கள். கிளாஸ் இல்லை. அண்ணை தகரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தகரத்தைத் திறந்து குடித்தார். அக்கா அவர் குடிப்பதைக் கடைசி மிடறு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தா.

பஸ்ஸில் அண்ணை என் காதுக்குள் வந்தார். "கண்டனீரே? கேக்காமலே தகரம் வருது. வாற ஆக்கள் எங்கடை குவளையிலை குடிக்காயினம் எண்டு பழகின சனம்தான் அப்பிடி வைக்கும். முடிஞ்சுது கதை."

"தாகமெண்டு குடிச்சனீங்கள்தானே," என்றா அம்பிகை அக்கா, யன்னலைப் பார்த்தபடி.

திங்கட்கிழமை இராசேஸ்வரி அக்கா கடைக்கு வந்தா. "தம்பி, என்ரை கோப்பையிலை அவையளுக்குக் குடுத்திட்டு, பிறகு அந்தக் கோப்பையை நான் என்ன செய்யிறது? அதுதான் தகரம் வைச்சனான், குடிச்சிட்டு எறியலாம். அந்தாள் ஒரு வார்த்தை கேக்காமல் எடுத்துக் குடிச்சுது, பாத்தனியே? பழகின கை!"

ஒரே தகரம். இரண்டு பேரும் அதைத் தங்கள் பக்கம் சாய்த்துப் பார்த்து, மற்றவரைப் பள்ளத்தில் கண்டுவிட்டார்கள்.

அன்று பின்னேரம் சாம்பவி வந்தாள். "மாமா, அப்பா என்ன சொல்லுறார்?"

"ஞாயிற்றுக்கிழமை விழா முடியட்டுமாம்."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா, இல்லையெண்டு சொல்லுவார்போலை கிடக்கு பிள்ளை. அந்தப் பக்கமும் அப்பிடித்தான்."

அவள் அழவில்லை. சுவரில் இருந்த நோட்டீசை வாசித்தாள். "மண்டபத்துக்கு அவை வருவினமோ?"

"வருவினம். உங்கடை அப்பாவைப் பாக்கத்தான் வருவினம்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ஒலிபெருக்கி குமாரெனுடையது. அவன் மொரீசியஸ்காரன், அவனுடைய பூட்டன்மார் மதராஸ் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறினவர்கள். தமிழ் அவனுக்குத் தேவாரத்தோடு சரி. என்னோடு இத்தாலியனில்தான் கதைப்பான். இரவு வேறொரு பிறந்தநாளுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோக வேண்டும் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டான்.

மேடையில் மெம்பரின் படம், மாலையோடு. படத்துக்கு முன்னால் ஒரு சின்ன மேசை, சிவப்புப் பட்டு, பட்டின் மேல் ஒரு பேணி. வெள்ளை எனாமல், நீல விளிம்பு, இரண்டு இடத்தில் பொருக்குக் கழன்று கறுத்திருந்தது. கைப்பிடியில் துருப்பிடித்த கம்பி வளையம். சண்டைக்குள் ஊரைவிட்டு ஓடும்போது நகையை மறந்து இதைத் தூக்கிக்கொண்டு ஓடினதாக அண்ணை சொல்லுவார். அம்பிகை அக்காவும் அதையேதான் சொல்லுவா, வேறு தொனியில்.

அண்ணை நன்றாகப் பேசினார். வாங்குகள் முற்றத்தில் வந்து விழுந்தன, கவர்னர் கொட்டாவி விட்டார், கிணறு திறந்தது, கொட்டில் எரிந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கடைசியில் அவர் பேணியைத் தூக்கிக் காட்டினார்.

"வெண்கல மூக்குப்பேணிகள் நிறைந்த வீடு, சபையோரே! அந்த வீட்டில் அவர் மட்டும் இந்த எனாமல் பேணியில் நீர் அருந்தினார். அதையாவது வீட்டுக்குள் வைத்தாரா? இல்லை! மாட்டுக்கொட்டில் கூரை வளையில், கம்பியில், தொங்கவிட்டார். சாகும்வரை அப்படித்தான். எளிமை, சபையோரே, எளிமை!"

கைதட்டல். அது அடங்குவதற்குள் நாலாம் வரிசையில் இராசேஸ்வரி அக்கா எழும்பினா. மேடைக்கு நடந்து, கண்ணாடியைப் போட்டு, பேணியைத் தொடாமல் குனிந்து அந்தக் கம்பி வளையத்தைப் பார்த்தா. திரும்பி வந்து, இருக்காமல், பக்கத்துப் பெண்ணுக்கு மண்டபத்தின் பாதிக்குக் கேட்கச் சொன்னா:

"கொட்டில் வளையிலை கம்பி போட்டுத் தொங்கிற பேணி ஆருக்கு எண்டு எனக்குத் தெரியாதோ? எங்கடை வீட்டிலையும் தொங்கினது, வேலைக்கு வாறவைக்கு! உள்ளுக்கு வரக்கூடாத ஆக்களின்ரை பேணியைக் கொண்டுவந்து பட்டிலை வைச்சு, எளிமையாம்! வெள்ளைக்காரன் தூக்கி வைச்ச மெம்பர் எண்டு நான் அப்பவே சொன்னன்." மகனைத் திரும்பிப் பார்த்தா. "டேய், நீ வெளியிலை போய் நில்."

விதுரன் போய் நின்றான்.

வடை சூடாக இருக்கும்போதே கதை கடைசி வரிசைக்குப் போய்விட்டது. சனம் வடையை எடுத்தது. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எடுத்தது.

"கே சுச்சேதே? என்ன நடக்குது?" என்றான் குமாரென்.

"ஒரு கப்பிலை ஆர் குடிச்சதெண்டு பிரச்சினை."

"கழுவிட்டா என்ன?" என்றான்.

பின்னாலிருந்த குசினிக்கு அண்ணை வந்தபோது அவருடைய சால்வை ஒரு தோளில்தான் இருந்தது. அங்கே அம்பிகை அக்கா தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தா. சாம்பவி தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேணியிலை என்ன பிழை? ஏன் எல்லாரும் என்னை இப்பிடிப் பாக்கினம்?"

அக்கா கெண்டியைக் கீழே வைத்தா. "அந்த மனிசி சொன்னது சரிதான். அது உள்ளுக்கு வரக்கூடாத ஆக்களுக்கெண்டு வெளியிலை தொங்கிற பேணிதான்."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"மாமி சாகக் கிடக்கேக்கை எனக்குச் சொன்னவா. கிணத்தைத் திறந்த அண்டைக்கு உங்கடை அப்பப்பா அந்த ஆக்களின்ரை ஒழுங்கைக்குள்ளை ஒரு வீட்டிலை இருந்து சோறு திண்டவராம். வீட்டுக்கு வர, உங்கடை அப்பம்மா குசினி வாசலிலை குறுக்கை நிண்டவாவாம். 'அங்கை திண்ட வாய் இஞ்சை வைக்கேலாது.' அண்டைக்குத் தொங்கினது அந்தப் பேணி. கொட்டிலுக்குப் பக்கத்திலை சாக்குக்கட்டில். அந்தப் பேணியிலை தண்ணி குடிச்சிட்டுத்தான் அந்தாள் சட்டசபைக்குப் போய்ப் பேசினது. சாகுமட்டும் அவரோடை ஒரு கதை கதைக்கேல்லை அவா. அந்த மனிசன் தானா ஒண்டும் தொங்கவிடேல்லை."

அண்ணை சுவரில் சாய்ந்தார். "தெரிஞ்சுகொண்டு என்னை ஏன் பட்டு விரிக்க விட்டனி?"

"நீங்கள் கேட்டனீங்களோ? எளிமை எண்டு பேச்சு எழுதிப்போட்டு வந்து நிண்டியள்."

 நான் அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது விழுந்தது. பிறகு, மெதுவாக, உள்ளே எங்கேயோ ஒரு கணக்குச் சரிவந்ததுபோல, நிமிரத் தொடங்கியது.

"அப்ப," என்றார், "அப்பப்பா எங்கடை ஆள்தான். பேணிதான் வெளியிலை."

"ஓம்."

"அந்த மனிசியும் தங்கடை வீட்டிலை பேணி தொங்கினது எண்டு சொன்னவா. அப்ப அவையும் சரியான ஆக்கள்தான்!" சால்வையை மற்றத் தோளிலும் எடுத்துப் போட்டார். "நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

சாம்பவி வாசலில் குறுக்கே வந்தாள். "அப்பா, வேண்டாம்."

"விடு பிள்ளை. உன்ரை கலியாணம் நிண்டுபோகப் போகுது."

"நிக்கட்டும். ஆர் ஆக்கள் எண்டதிலை ஒண்டுமில்லை எண்டு இப்பதானே அவ்வளவு நேரம் பேசினீங்கள்? அவை நினைக்கிறதை நினைக்கட்டும். நாங்கள் அந்த ஆக்களில்லை எண்டு மைக்கிலை போய்ச் சொல்லாதேங்கோ அப்பா."

"உனக்கு விளங்காது," என்று அவளை மெதுவாக விலக்கிவிட்டு அண்ணை போனார்.

மைக்கில் அவர் மறுபடி சபைத்தமிழுக்கு ஏறினார். "சபையோரே, ஒரு சிறு தெளிவு. அந்தப் பேணியைத் தொங்கவிட்டவர் என் அப்பம்மா. மிகவும் ஆசாரமான பெண்மணி. மெம்பர் ஐயா கண்ட கண்ட இடங்களில் சாப்பிட்டுவிட்டு வந்தமையால், வீட்டின் சுத்தத்தைக் கருதி..."

கண்ட கண்ட இடங்கள். சற்று முன்னர் அந்த இடங்களைச் சொல்லித்தான் முன்வரிசையை அழவைத்தவர். யாரும் அதைக் கவனிக்கவில்லை. மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு வந்தது. வடை மறுபடி வடையாகியது. இராசேஸ்வரி அக்காவின் முகம் மலர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும்: விலை கேட்டுப் பயந்துபோய் வைத்த சேலையைக் கழிவு விலையில் கண்ட முகம்.

"அதுதானே பாத்தன்! ஆக்களின்ரை முகத்திலையே தெரியுதே!" என்று அம்பிகை அக்காவைக் கட்டிப்பிடித்தா. "சம்பந்தியம்மா, ஒரு தேத்தண்ணி தாங்கோவன், தொண்டை காயுது." கண்ணாடிக் கிளாஸில் வாங்கி, வாய் வைத்தே குடித்தா. அண்ணையும் அவவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து, ஆவணியில் நாள் இருக்கிறதா என்று கதைக்கத் தொடங்கினார்கள். இடக்கைப் பக்கம், வலக்கைப் பக்கம் எல்லாம் தானாக வெளியே வந்தது. மெம்பர் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வெறும் வடைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் தன் மோட்டரினோ ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் விதுரன். அவனுக்கு முன்னால் சாம்பவி.

"எல்லாம் சரியாம்!" என்றான் அவன். "அம்மா ஓமெண்டிட்டாவாம். இப்பதான் ஆரோ வந்து சொன்னவை."

"நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"இஞ்சைதான்."

"எப்ப துவக்கம்?"

அவன் மோட்டரினோவின் கண்ணாடியைத் திருப்பினான்.

"எங்களை அந்த ஆக்களெண்டு நினைச்ச நேரம் முழுக்க நீங்கள் இந்த மோட்டரினோவுக்குக் காவல் நிண்டிருக்கிறியள்."

"அம்மா போய் நில்லெண்டா, சாம்பவி. ஆக்களுக்கு முன்னாலை என்ன செய்யிறது? உம்மை விடுறதெண்டு நான் ஒருக்காலும் நினைக்கேல்லை."

"நினைக்காததை ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"இப்பதான் எல்லாம் சரிவந்திட்டுதே!"

"சரிவந்தபடியாத்தான் கேக்கிறன். சரிவராட்டி நீங்கள் உள்ளுக்கு வந்திருப்பீங்களோ எண்டு எனக்குத் தெரிய வேணும். போய்ச் சொல்லுங்கோ, இவை ஆரா இருந்தாலும் நான் கட்டியிருப்பன் எண்டு. சொல்லாட்டி எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். ஆவணியிலையும் வேண்டாம், எப்பவும் வேண்டாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. விலையைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பயனில்லை. விதுரனுக்கு அது விளங்கியது. உள்ளே போனான். நான் பெட்டிகளை அடுக்கினேன்; அடுக்கினதை மறுபடி அடுக்கினேன்.

அவன் திரும்பி வந்தான். "சொல்லிட்டன்."

"ஆருக்கு?"

"அம்மாவுக்கு."

"எங்கை வைச்சு?"

"குசினிக்குள்ளை."

"அம்மா என்ன சொன்னவா?"

"சத்தம் போடாதை எண்டா."

சாம்பவி என் பக்கம் திரும்பினாள். "மாமா, குமாரென் அண்ணா மைக்கைக் கழட்டிப்போட்டாரோ?"

"இன்னும் இல்லை பிள்ளை."

விதுரன் என்னைப் பார்த்தான். கடைசி நேரத்தில் கடைக்காரன் கொஞ்சம் இறங்குவான் என்று வாங்குகிறவன் பார்ப்பானே, அந்தப் பார்வை. நான் ஒரு பெட்டியைத் தூக்கினேன். இது என் கடை இல்லை.

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். குமாரென் வயரில் கை வைத்திருந்தான். பெடியன் வருவதைக் கண்டு கையை எடுத்தான். ஒலிபெருக்கி ஒரு கீச்சுக் கீச்சியது. மண்டபம் திரும்பியது.

"நான் விதுரன். எல்லாருக்கும் தெரியும்." தாய் இருந்த பக்கம் பார்த்தான். "பேணியிலை ஆர் குடிச்சிருந்தாலும், சாம்பவியாக்கள் ஆரா இருந்தாலும், நான் அவவைத்தான் கட்டியிருப்பன். அம்மா வெளியிலை நில்லெண்டா. நிண்டனான். நிண்டிருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

குமாரென் மட்டும் கைதட்டினான். ஒருவர் பேசி முடித்தால் தட்ட வேண்டும் என்பது அவனுடைய தொழில் வழக்கம்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மற்றவளின் காதுக்குள் போனாள். "இப்ப ஏன் உதைச் சொல்லுறான்? அப்ப உள்ளுக்கு ஏதோ இருக்குத்தானே?" அணைந்த அடுப்பில் மறுபடி புகை கிளம்பியது. இராசேஸ்வரி அக்கா கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டா. அண்ணை எழும்பப் பார்த்தார். அம்பிகை அக்கா அவருடைய சால்வையின் நுனிமேலேயே உட்கார்ந்துகொண்டா.

சாம்பவி மேடைக்குப் போனாள். எல்லாரும் பார்க்க அவன் பக்கத்தில் நின்றாள். "காணும், போதும்," என்றாள் அவனிடம். "வாங்கோ, பெட்டியளைத் தூக்க வேணும். குமாரென் அண்ணாவுக்கு நேரம் போகுது." இரண்டு பேரும் ஒலிபெருக்கிப் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, சனத்துக்கு நடுவால், வழி விடச் சொல்லிக்கொண்டு வெளியே போனார்கள்.

அண்ணை என்னைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"விக்கி, இனி நிப்பாட்டேலாது. நாள் வைக்கத்தான் வேணும். ஆனா பெடியனிலை எனக்கு ஒரு ஐமிச்சம்."

"இன்னுமோ அண்ணை? ஆக்கள் சரியெண்டு கண்டாச்சே."

"ஆக்கள் சரி. ஆள்தான்..." வாசலைப் பார்த்தார். வெளியே விதுரன் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அண்ணை என் காதுக்குக் கிட்ட வந்தார். முகத்தில் மெய்யான பயம். "இவன் அப்பப்பா மாதிரி வந்திடுவான்போலை கிடக்கு."

பக்கத்துக் கதிரையில் இராசேஸ்வரி அக்கா தலையாட்டினா. "எனக்கும் அதுதான் அண்ணை பயம்," என்றா.

சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருவர் சொன்னதை மற்றவர் சந்தேகிக்காமல் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.